பழைய கம்ப்யூட்டரில் படம் ஓடவில்லையா? காசைச் செலவிடுமுன் கவனிக்க வேண்டியவை

மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர் என்று தமிழர்கள் வாழும் இடங்களில், அலமாரி மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஒதுங்கிக் கிடக்கும் வீடுகள் இன்றும் உண்டு. பிள்ளைகளின் படிப்புக்காகத் தவணையில் வாங்கியதாக இருக்கும். அல்லது அலுவலகத்தில் கழித்துப் போட்டதைக் குறைந்த விலைக்கு எடுத்ததாக இருக்கும். செல்போன் வந்தபின் அதன் பக்கம் யாரும் போவதில்லை.

ஆனால் செல்போனால் முடியாத வேலை ஒன்று உண்டு. 20 ஆண்டுகளுக்கு முன் ஊரில் நடந்த கல்யாணம், பாட்டியின் சதாபிஷேகம், குழந்தையின் காதுகுத்து எல்லாம் சி.டி.யிலும் டி.வி.டி.யிலும் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்க இந்தப் பழைய பெட்டிதான் வேண்டும். தூசி தட்டி ஓட விட்டால் படம் வருகிறது, சத்தம் வரவில்லை. சத்தம் வருகிறது, படம் இல்லை. இரண்டும் வந்தாலும் நொண்டி நொண்டி ஓடுகிறது.

கடைக்குத் தூக்கிச் சென்றால் பெரும்பாலும் கிடைப்பது இரண்டே பதில்கள். “இது பழசு, புதுசு வாங்குங்கள்” என்பது ஒன்று. “பார்மட் செய்து தருகிறோம்” என்பது மற்றொன்று. முதலாவது மாதச் சம்பளத்துக்கு உலை வைக்கும். இரண்டாவது அதைவிட ஆபத்து. உள்ளே இருக்கும் குடும்பப் படங்களையும் சேர்த்து அழித்துவிடக்கூடும். பெரும்பாலான கோளாறுகளுக்கு இந்த இரண்டுமே தேவையில்லை. கோளாறு எந்த இடத்தில் என்று ஒழுங்காகத் தேடினால் போதும்.

டப்பாவும் சாப்பாடும்

மும்பைவாசிகளுக்கு டப்பாவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வெளியே பார்க்க எல்லா டப்பாவும் ஒன்றுதான்; உள்ளே இருப்பது சாம்பார் சாதமா, சப்பாத்தியா என்பது திறந்தால்தான் தெரியும். வீடியோ பைலும் அப்படியே. பெயரின் கடைசியில் வரும் ஏ.வி.ஐ., எம்.பி.4, எம்.கே.வி. என்பவை டப்பாவின் பெயர்கள். உள்ளே படம் ஒரு முறையிலும் ஒலி வேறொரு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். இந்தச் சுருக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். சுருக்கியதை விரிக்கும் வழி கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருந்தால் படம் ஓடும். ஒன்றை விரிக்கத் தெரிந்து மற்றதை விரிக்கத் தெரியாவிட்டால், படம் மட்டும் வரும் அல்லது ஒலி மட்டும் வரும்.

இந்த முறைகள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. 1993இல் வரையறுக்கப்பட்ட வீடியோ சி.டி.யில் இருப்பது எம்பெக்-1. 1996இல் வந்த டி.வி.டி.யில் இருப்பது எம்பெக்-2. 2003இல் எச்.264 வந்தது. 2013இல் எச்.265 என்ற எச்.இ.வி.சி.யும், கூகுளின் வி.பி.9ம் வந்தன. 2018இல் ஏ.வி.1 வெளியாயிற்று. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறிதாகச் சுருக்கும். ஆனால் விரிப்பதற்கு அதிக உழைப்பைக் கேட்கும். பழைய கம்ப்யூட்டர் திணறுவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. அது கெட்டுப்போகவில்லை, அதன் காலத்தில் இல்லாத வேலையை இப்போது அதனிடம் கொடுக்கிறார்கள்.

முதலில் மூன்று சோதனைகள்

எந்தக் கோளாறானாலும் முதலில் செய்ய வேண்டியவை மூன்று. செலவு எதுவும் இல்லை.

ஒன்று, வேறு ஒரு பைலை ஓட்டிப் பார்ப்பது. நன்றாக ஓடினால் கம்ப்யூட்டரில் குறையில்லை; முதல் பைலில்தான் ஏதோ இருக்கிறது.

இரண்டு, அதே பைலை வேறு பிளேயரில் ஓட்டிப் பார்ப்பது. வி.எல்.சி. என்ற இலவச பிளேயர் இதற்கு மிகவும் ஏற்றது. 1996இல் பாரிஸ் நகரத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டத்தில் பிறந்தது இது. பெரும்பாலான கோடெக்குகளை விரிக்கும் வழியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. விண்டோஸ் மீடியா பிளேயரில் கறுப்பாகத் தெரிந்த படம் வி.எல்.சி.யில் ஓடிவிட்டால் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது.

மூன்று, அதே பைலைச் செல்போனிலோ பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரிலோ ஓட்டிப் பார்ப்பது. அங்கும் அதே இடத்தில் நின்றால் பைலே சேதமாகியிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு முறையும் ஒரே நிமிடத்தில் நிற்கிறதா, அல்லது கண்ட இடத்தில் நிற்கிறதா என்று குறித்துக்கொள்வது நல்லது. ஒரே இடம் என்றால் பைல் அல்லது தட்டு. கண்ட இடம் என்றால் கம்ப்யூட்டர்.

ஊரிலிருந்து அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகளைக் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்தால், அவை ‘ஓபஸ்’ என்ற வகைப் பைல்களாக இருக்கும். பழைய பொத்தான் செல்போன்களில் பதிந்தவை பலவும் ‘ஏ.எம்.ஆர்.’ வகை. பழைய விண்டோஸ் பிளேயர் இவற்றைத் திறக்காவிட்டால் கெட்டுவிட்டதென்று அழித்துவிடக் கூடாது. வி.எல்.சி. இரண்டையும் பேச வைக்கும்.

சத்தமே வரவில்லை என்றால்

கம்ப்யூட்டரைக் குறை சொல்லுமுன் ஸ்பீக்கரைப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் ஒயரைச் செல்போனில் செருகிப் பாட்டு வருகிறதா என்று பார்த்தால் பாதி சந்தேகம் தீரும். ஒயர் செருகும் துளைகளுக்கு நிறம் உண்டு. பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே கொண்டுவருவதற்கு. இருட்டு மூலையில் கையால் தடவிச் செருகும்போது நிறம் மாறிப்போவது சகஜம். முன்பக்கத் துளை வேலை செய்யாவிட்டால் பின்பக்கத் துளையில் செருகிப் பார்க்க வேண்டும். முன்பக்கத் துளைக்கு உள்ளே செல்லும் சிறிய ஒயர் கழன்றிருப்பதும் உண்டு.

அடுத்தது, ஒலி எந்த வழியாகப் போகிறது என்பது. கம்ப்யூட்டரை எச்.டி.எம்.ஐ. ஒயர் மூலம் டி.வி.யோடு இணைத்தால், விண்டோஸ் தானாகவே ஒலியை அந்த ஒயருக்குத் திருப்பிவிடுவதுண்டு. இணைத்தது ஸ்பீக்கர் இல்லாத மானிட்டராக இருந்தால் சத்தம் எங்கும் கேட்காது. திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு, ஒலி வெளியேறும் கருவியாக ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

அதுவும் சரியாக இருந்தால் டிரைவரைப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டருக்கும் அதன் உறுப்புக்கும் இடையே துபாஷி வேலை பார்க்கும் சிறு புரோகிராம்தான் டிரைவர். ‘டிவைஸ் மேனேஜர்’ பட்டியலில் ஒலிப் பகுதிக்கு எதிரே மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி தெரிந்தால், துபாஷிக்கு உடம்பு சரியில்லை. அந்த உறுப்பை ‘அன்இன்ஸ்டால்’ செய்துவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி ஓட விட்டால், பெரும்பாலும் விண்டோஸே அதைத் திரும்ப நிறுவிக்கொள்ளும்.

பாட்டு கேட்கிறது, வசனம் கேட்கவில்லை

பலரைக் குழப்பும் கோளாறு இது. சினிமா ஓடுகிறது, பின்னணி இசை காதைப் பிளக்கிறது, கதாநாயகன் பேசுவது மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. தியேட்டருக்கென்று 6 தனித்தனி ஒலிப்பாதைகளில் பதிவான படங்களில், வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு உரிய பாதையில் இருக்கும். வீட்டில் இருப்பதோ இடமும் வலமும் ஆக இரண்டே ஸ்பீக்கர்கள். 6 ஸ்பீக்கர்கள் இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருந்தால், வசனத்தை இல்லாத நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ‘சவுண்ட்’ அமைப்பில் ஸ்பீக்கரைத் தேர்ந்து, ‘கன்பிகர்’ என்பதைத் தொட்டு ‘ஸ்டீரியோ’ என்று மாற்றினால் வசனம் திரும்பி வந்துவிடும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பீக்கர் முள் துளைக்குள் முழுவதும் இறங்காமல் பாதியில் நின்றால், இரு பக்கத்துக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். பாடகரின் குரலும் வசனமும் பொதுவான ஒலிதான். ஆகவே அமைப்புகளை மாற்றுமுன் முள்ளை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

உதடு ஒரு நேரத்திலும் பேச்சு ஒரு நேரத்திலும் வந்தால் வி.எல்.சி.யில் எளிய வழி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆங்கில எழுத்து ‘ஜே’ பொத்தானை அழுத்தினால் ஒலி 50 மில்லி விநாடி முந்தி வரும். ‘கே’ பொத்தானை அழுத்தினால் அதே அளவு பிந்தி வரும். பொருந்தும் வரை அழுத்திக்கொண்டே போகலாம்.

நொண்டி ஓடும் படம்

இணையத்தில் பார்க்கும் படம் நின்று நின்று ஓடினால் குற்றவாளி இணைப்பா, கம்ப்யூட்டரா என்று முதலில் பிரிக்க வேண்டும். படத்தின் கீழே ஓடும் கோட்டில், சேர்த்து வைத்திருக்கும் பகுதி வெளிர் நிறத்தில் முன்னே நீண்டிருக்கும். படம் அந்த வெளிர் கோட்டின் முனையைத் தொட்டு நின்றால் இணைப்பு மெதுவாக இருக்கிறது. வெளிர் கோடு வெகுதூரம் முன்னே இருந்தும் படம் துள்ளித் துள்ளி ஓடினால் கம்ப்யூட்டர் திணறுகிறது. இணைப்புக் கட்டணத்தை உயர்த்தி இரண்டாவது நோய்க்கு மருந்து தேடுவது வீண்.

கம்ப்யூட்டர் திணறுவதை நேரில் பார்க்க, ‘கன்ட்ரோல்’, ‘ஷிப்ட்’, ‘எஸ்கேப்’ ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். பிராசசரின் உழைப்பு 100 சதவீதத்தை ஒட்டியே நின்றால் அதற்குச் சுமை தாங்கவில்லை.

சுமையின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1080 அளவுப் படத்தில் ஒரு காட்சிக்கு 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். விநாடிக்கு 25 காட்சிகள் என்றால் 5 கோடியே 18 லட்சம் புள்ளிகளை ஒவ்வொரு விநாடியும் வரைந்தாக வேண்டும். படத்தின் தரத்தை 480க்கு இறக்கினால் இது ஏறக்குறைய 1 கோடியே 2 லட்சமாகக் குறையும். சுமை ஐந்தில் ஒரு பங்கு. சிறிய திரையில் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. வீடியோ சி.டி.யில் இருப்பதோ விநாடிக்கு வெறும் 25 லட்சம் புள்ளிகள்தான். ஆகவே இணையப் படத்தில் மூச்சு வாங்கும் அதே பெட்டி, கல்யாண சி.டி.யைச் சுலபமாக ஓட்டிவிடும்.

படத்தை விரிக்கும் வேலைக்கென்றே கிராபிக்ஸ் பகுதியில் தனிச் சாதனம் உண்டு. அது எந்தக் கோடெக்கை அறியும் என்பது வயதைப் பொறுத்தது. இன்டெல் பிராசசர்களில் 2011இல் வந்த 2ஆம் தலைமுறைக்கு எச்.264 தெரியும். வி.பி.9 முழுமையாகத் தெரிவது 7ஆம் தலைமுறையிலிருந்து. ஏ.வி.1 தெரிவது 2020இல் வந்த 11ஆம் தலைமுறையிலிருந்துதான். ‘ஐ5-3470’ என்று எழுதியிருந்தால், கோட்டுக்குப் பின்னால் உள்ள முதல் எண் 3 என்பதால் அது 3ஆம் தலைமுறை. தனிச் சாதனத்துக்குத் தெரியாத கோடெக் வந்தால் சுமை முழுதும் பிராசசரின் தலையில் விழும். யூடியூப் வி.பி.9, ஏ.வி.1 ஆகியவற்றைப் பெரிதும் பயன்படுத்துவதால்தான், முன்பு நன்றாக ஓடிய பெட்டி இன்று அங்கே திணறுகிறது.

முதல் 10 நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு நொண்டினால் காரணம் சூடு. மும்பையின் தூசியும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து உள்ளிருக்கும் விசிறியைக் கம்பளிபோல் மூடிவிடும். சூடு ஏறியதும் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்சாரத்தைத் துண்டித்து, மூடியைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் தூசியை எடுத்தால் பெரும் மாற்றம் தெரியும். பிராசசருக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையில் இருக்கும் பசை காய்ந்திருந்தால், தெரிந்தவரைக் கொண்டு அதை மாற்றிக்கொள்ளலாம்.

பச்சைத் திரை, கறுப்புத் திரை

ஒலி ஒழுங்காக வந்து திரை மட்டும் பச்சையாகவோ கட்டம் கட்டமாகவோ தெரிந்தால், கிராபிக்ஸ் டிரைவர் தன் வேலையைத் தவறாகச் செய்கிறது என்று சந்தேகிக்கலாம். வி.எல்.சி.யின் ‘பிரிபரன்சஸ்’ பகுதியில் ‘ஹார்ட்வேர் ஆக்சலரேட்டட் டீகோடிங்’ என்பதை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். இணைய உலாவியின் ‘சிஸ்டம்’ அமைப்பிலும் இதே போன்ற வசதி உண்டு. நிறுத்தியதும் சரியானால், அந்தக் கம்ப்யூட்டர் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து சரியான டிரைவரை இறக்கி நிறுவலாம்.

திரை கறுப்பாக இருந்து ஒலி மட்டும் வந்தால், பெரும்பாலும் கோடெக்கே காரணம். 2017க்குப் பிந்தைய ஐபோன்களில் எடுத்த வீடியோக்கள் பல எச்.இ.வி.சி. முறையில் இருக்கும். பழைய பிளேயருக்கு அது புரியாது, வி.எல்.சி.க்குப் புரியும்.

இணையத்தில் எந்தத் தளமும் திறக்காமல் “பாதுகாப்பற்ற இணைப்பு” என்று எச்சரிக்கை வந்தால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்தால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதி தவறானால் தளங்களின் பாதுகாப்புச் சான்று செல்லாததாகத் தோன்றும். ‘சி.ஆர்.2032’ என்று கேட்டால் கடிகாரக் கடையிலேயே இந்தப் பேட்டரி கிடைக்கும்.

கல்யாண சி.டி.யைக் காப்பாற்ற

தட்டைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் மென்மையான பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். பதிவுகள் வட்டமாக இருப்பதால், வட்டமாக விழும் கீறல் நீண்ட பகுதியைக் கெடுத்துவிடும். சி.டி.யில் தகவல் இருக்கும் படலம் பெயர் எழுதும் பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. ஆகவே அந்தப் பக்கத்தைக் கீறுவது அடிப்பக்கத்தைக் கீறுவதைவிடக் கேடு. பால்பாயின்ட் பேனாவால் எழுதுவதையும் ஸ்டிக்கரைப் பிய்ப்பதையும் தவிர்க்க வேண்டும்.

2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், டி.வி.டி. ஓட்டும் வசதி விண்டோஸோடு கூடவே வருவதில்லை. டி.வி.டி. ஓடவில்லை என்றதும் டிரைவ் போய்விட்டதாக எண்ண வேண்டாம், வி.எல்.சி.யில் ஓட்டிப் பார்க்கலாம். ஒரு டிரைவ் படிக்காத தட்டை இன்னொரு டிரைவ் படிப்பதும் உண்டு. கிராண்ட் ரோடு ஸ்டேஷனை அடுத்த லாமிங்டன் ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் யு.எஸ்.பி. மூலம் இணைக்கும் வெளி டிரைவ்கள் கிடைக்கின்றன.

தட்டு ஓடத் தொடங்கியதும் முதல் வேலை, பார்ப்பது அல்ல, நகல் எடுப்பது. வீடியோ சி.டி.யில் ‘எம்பெகாவ்’ என்ற போல்டருக்குள் ‘டேட்’ என்று முடியும் பெரிய பைல்களே படம். டி.வி.டி.யில் ‘வீடியோ டி.எஸ்.’ என்ற போல்டரை முழுவதுமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைக்குப் போகுமுன்

இத்தனைக்கும் பிறகு கடைக்குப் போக நேர்ந்தால், எது ஓடுகிறது, எது ஓடவில்லை, எதை மாற்றிப் பார்த்தாயிற்று என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. குறிப்போடு வருபவரிடம் தேவையில்லாத உறுப்பை விற்பது கடினம். “என்னைக் கேட்காமல் பார்மட் செய்யக் கூடாது” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முக்கியமான பைல்களை முன்கூட்டியே வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து வைப்பது அதைவிட நல்லது.

இணையத்தில் “உங்கள் பிளேயர் பழையது, இதை இறக்குங்கள்” என்று கண்ணைச் சிமிட்டும் விளம்பரங்களைத் தொடவே கூடாது. பிளாஷ் பிளேயரின் ஆயுள் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் பெயரில் இப்போது எதைக் கொடுத்தாலும் அது மோசடியே. கம்ப்யூட்டரைச் சரிசெய்வதாகப் போனில் பேசிப் பணம் பறித்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

எதை விடலாம், எதை விடக் கூடாது?

பழைய பெட்டியால் எல்லாம் முடியும் என்று சொல்வதற்கில்லை. 4கே படத்தை ஓட்ட அதை வற்புறுத்துவது கிழ மாட்டை இரட்டைப் பாரத்தில் பூட்டுவதற்குச் சமம். விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு உதவி 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான வழக்கமான உதவி 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. அத்தகைய பெட்டியில் வங்கிக் கணக்கைத் திறப்பது சரியல்ல. இணையம் அவசியமானால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச அமைப்பை, நகல் எடுத்தபின் நிறுவிப் பார்க்கலாம். இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டித்து, பாட்டும் பழைய தட்டுகளும் ஓட்ட மட்டும் வைத்துக்கொள்ளலாம். அந்த வேலையை அது இன்னும் பல ஆண்டுகள் செய்யும்.

பெட்டி என்றாவது ஒரு நாள் நிற்கத்தான் போகிறது. வேறு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். மறைந்துபோன தகப்பனார் பந்தலில் நின்று விருந்தினரை வரவேற்ற அந்த அரை நிமிடத்தையும், ஊரிலிருந்து வந்த அம்மாவின் குரலையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஓடுகிற நிலையில் இருக்கும்போதே இரண்டு நகல்கள் எடுத்து, ஒன்றை மும்பையிலும் ஒன்றை ஊரிலும் வைத்துவிட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை அதற்குச் செலவிடலாம்.